எல்.என்.ஜி. மலியப் போகிறதாம். யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. கரண்ட் பில் கட்டுகிற எல்லாரும் பொறுமையாக வாசியுங்கள்.

சில காலமாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுத்தான். "உலகம் கேஸில் மிதக்கப் போகுது, கட்டார் உற்பத்தியை இரண்டு மடங்காக்குது, அமெரிக்கா போட்டி போட்டு விற்குது, எங்கட அரசாங்கம் மட்டும் தூங்குது. இப்பவே இருபது வருஷத்துக்கு எல்.என்.ஜி. ஒப்பந்தம் போட்டால் கரண்ட் பில் பாதியாகும்." இதை அனுப்புகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த சனம் நாம். மலிவான மின்சாரம் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை?

ஆனால் இந்தப் பேச்சின் பாதி உண்மை, மற்றப் பாதி ஆபத்து. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: உலகத்தில் எல்.என்.ஜி. மலியலாம், ஆனால் அது தானாக நமக்கு மலியாது. நம்மைப் போன்ற சின்ன நாடு அவசரப்பட்டு நீண்டகால ஒப்பந்தம் போட்டால், விற்பவரின் கவலை தீரும், நமது கவலை தொடங்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். வீட்டில் சிலிண்டரில் வரும் கேஸ் வேறு, எல்.என்.ஜி. வேறு. சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன். எல்.என்.ஜி. என்பது இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மெதேன். அதை மறை 162 பாகை வரை குளிராக்கித் திரவமாக்கினால் கன அளவு 600 மடங்கு குறையும், அப்போதுதான் கப்பலில் ஏற்றலாம். இங்கே வந்ததும் மீண்டும் வாயுவாக்கி மின்நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே எல்.என்.ஜி. வந்தால் சமையல் கேஸ் விலை குறையும் என்று பகிர்வது தவறு. அது தொடுவது மின்சாரக் கட்டணத்தை.

இப்போது உண்மையான பாதி. கட்டார் ஆண்டுக்கு 77 மில்லியன் தொன் திரவமாக்கும் வசதியோடு இருந்தது. வடக்கு வயல் விரிவாக்கத்தால் அதை 126 மில்லியனுக்கும், 2030க்குள் 142 மில்லியனுக்கும் கொண்டுபோவதாக அறிவித்திருக்கிறது. 2016இல்தான் தன் பெருநிலப்பரப்பிலிருந்து ஏற்றுமதியைத் தொடங்கிய அமெரிக்கா, 2023இல் உலகின் முதலாவது ஏற்றுமதியாளராகிவிட்டது. 2030க்குள் ஏறத்தாழ 300 பில்லியன் கனமீற்றர் புதிய கொள்ளளவு சேரும் என்கிறது சர்வதேச எரிசக்தி முகவரகம். இது இன்றைய உலக எல்.என்.ஜி. வர்த்தகத்தின் ஏறத்தாழப் பாதி. சந்தையில் சரக்கு குவியும், விலையில் அழுத்தம் வரும். இதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் "உற்பத்திச் செலவு" என்பது ஒன்று, "நமக்கு விழும் விலை" என்பது இன்னொன்று. வட்ஸ்அப் செய்தி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

கட்டாருக்கு ஏன் செலவு குறைவு? ஒரே பிரமாண்டமான வயல், கரைக்குப் பக்கத்தில். கேஸோடு சேர்ந்து வரும் கொண்டென்சேட், எல்.பி.ஜி., ஹீலியம் ஆகியவற்றை விற்றே செலவின் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். அவுஸ்திரேலியாவின் கோர்கன் திட்டத்தைப் பாருங்கள். 37 பில்லியன் டொலர் என்று தொடங்கி 54 பில்லியனில் போய் முடிந்தது. மொசாம்பிக்கில் 20 பில்லியன் டொலர் திட்டம் 2021இல் பல்மா நகரத் தாக்குதலுக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் நின்றது. ஆகவே செலவுப் போட்டியில் கட்டாரை வெல்வது கஷ்டம். சரி, அப்படியென்றால் கட்டார் செலவுக் கணக்கில் விற்கிறதா? எந்த வியாபாரியும் அப்படி விற்பதில்லை. சந்தை எவ்வளவு தருமோ அவ்வளவுக்கு விற்பார்.

இதற்கு அழகான சாட்சி பாகிஸ்தான். 2016இல் கட்டாரோடு 15 வருட ஒப்பந்தம் செய்தது. விலை: பிரென்ட் எண்ணெய் விலையின் 13.37 வீதம். 2021இல் அதே கட்டாரோடு இன்னொரு ஒப்பந்தம், 10.2 வீதம். ஒரு பீப்பாய் எண்ணெய் 70 டொலர் என்று வைத்தால், முதலாவதில் ஒரு எம்.எம்.பி.டி.யு. (உலகச் சந்தையில் கேஸின் வெப்பத்தை அளக்கும் அலகு) 9.36 டொலர், இரண்டாவதில் 7.14 டொலர். வயலும் அதுதான், வாங்குபவரும் அவர்தான். மாறியது சந்தையும் பேரம் பேசிய நேரமும்தான்.

இங்கேதான் "கட்டார் நம்ம சகோதர நாடு, நமக்குப் பார்த்துத் தரும்" என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. கட்டாரில் உழைத்து அனுப்பும் காசில் நம் ஊரில் எத்தனையோ வீடுகள் எழுந்திருக்கின்றன. அந்த நன்றி நமக்கு இருக்கிறது. ஆனால் சகோதரத்துவம் விலைச் சூத்திரத்தில் ஏறுவதில்லை. 2022இல் ரஷ்யக் குழாய் கேஸ் குறைந்ததும் ஐரோப்பா பணப்பையோடு கடலுக்கு வந்தது. 2020இல் ஆசியச் சந்தையில் 2 டொலருக்கும் கீழே விழுந்த விலை, 2022இல் சில நாட்களில் 70 டொலரையும் தாண்டியது. அந்த ஜூலையில் பாகிஸ்தான் 10 கப்பலுக்குக் கேள்விப்பத்திரம் கோரியது. ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. அதே மாதம் பங்களாதேஷ் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தியது, மின்வெட்டு ஊரெல்லாம். இரண்டும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். கப்பல்கள் கிப்லாவைப் பார்த்துத் திரும்பவில்லை, டொலரைப் பார்த்துத் திரும்பின.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: கட்டார் தன் நீண்டகால ஒப்பந்தக் கப்பல்களை அப்போதும் பாகிஸ்தானுக்கு அனுப்பியது. "பார்த்தீர்களா, நீண்டகால ஒப்பந்தம் நல்லதுதானே" என்பீர்கள். கதையின் மிச்சத்தையும் கேளுங்கள்.

மின் கட்டணம் தாங்க முடியாமல் பாகிஸ்தான் மக்கள் கூரைகளில் சோலார் போடத் தொடங்கினார்கள். 2024இல் மட்டும் ஏறத்தாழ 17,000 மெகாவொட் சோலார் தகடுகள் இறக்குமதியாகின. மின்நிலையங்களுக்கு கேஸ் தேவை குறைந்தது. ஆனால் ஒப்பந்தக் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் சொந்த நாட்டுக் கிணறுகளின் உற்பத்தியைக் குறைத்துவிட்டு இறக்குமதி கேஸை எரிக்கும் நிலை. 2025இல் வர வேண்டிய ஐந்து கப்பல்களை 2026க்குத் தள்ளச் சொல்லி கட்டாரிடம் கேட்டார்கள். தட்டுப்பாட்டில் தவித்த அதே நாடு, மூன்று வருடத்துக்குள் கேஸ் கூடிப்போய்த் தவித்தது.

இதற்குக் காரணம் இந்த ஒப்பந்தங்களில் இருக்கும் ஒரு நிபந்தனை. எடுத்தாலும் காசு, எடுக்காவிட்டாலும் காசு. நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால் ஸ்கூல் வேன் மாதிரி. டிசம்பர் விடுமுறையில் பிள்ளை வீட்டில் இருந்தாலும் வேன்காரருக்கு மாதக் காசு கொடுக்கத்தான் வேண்டும். அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது, அவர் லீசிங் கட்ட வேண்டுமே. ஆனால் வேன் விஷயத்தில் இழப்பு சில ஆயிரம் ரூபா. இங்கே ஒரு கப்பலின் விலையே பல கோடி டொலர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமது பிரச்சினை பாகிஸ்தானை விடச் சிக்கலானது, ஏனென்றால் நம் மின்சாரம் மழையோடு ஓடுகிறது. காசல்ரீ, மவுசாக்கலை, விக்டோரியா நிரம்பினால் அனல் மின்சாரத்தின் தேவை சரசரவென்று குறையும். வரட்சி வந்தால் ஏறும். பகலில் கூரைச் சோலார் கூடிக்கொண்டே வருகிறது. 2030க்குள் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி என்பது அரசின் அறிவித்த இலக்கு. அப்படியென்றால் கேஸ் நமக்கு எப்போது வேண்டும்? மாலை ஆறு மணிக்குப் பிறகு சில மணித்தியாலம், வரட்சி மாதங்களில் கூடுதலாக. எல்.என்.ஜி. விற்பவர் கேட்பதோ வருடம் முழுக்க ஒரே சீராக எடுக்கும் வாடிக்கையாளர். ஒப்பந்தம் மழையைப் பார்ப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

2021 செப்டம்பரில் கெரவலப்பிட்டி யுகதனவி மின்நிலையக் கம்பனியில் 40 வீதப் பங்கையும், கடலில் எல்.என்.ஜி. முனையம் அமைக்கும் உரிமையையும் ஒரு அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அப்போது அந்தக் கம்பனி சொன்ன ஆரம்ப அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 35,000 எம்.எம்.பி.டி.யு. வருடத்துக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 12.8 மில்லியன். ஒரு சாதாரண எல்.என்.ஜி. கப்பல் 3.5 மில்லியன் அளவில் கொண்டுவரும். ஆக நமக்கு வருடத்துக்கு நாலு கப்பல்கூட முழுதாகத் தேவையில்லை. கட்டார் ஒரு வருடத்தில் அனுப்புவது ஏறத்தாழ ஆயிரம் கப்பல். ஆயிரத்தில் நாலு வாங்குகிறவனுக்கு எந்தக் கடைக்காரன் விலை குறைப்பான்?

இந்தியா குறைக்க வைத்தது. 2015இல் உலக விலை விழுந்தபோது, ஒப்பந்த அளவைவிடக் குறைவாக எடுத்துவிட்டு, கட்டாரோடு மறுபடியும் பேசி, விலையைப் பாதி அளவுக்கு இறக்கி, ஒரு பில்லியன் டொலருக்கு மேற்பட்ட தண்டப்பணத்தையும் தள்ளுபடி செய்ய வைத்தது. வருடத்துக்கு 7.5 மில்லியன் தொன் வாங்கும் நாடு அது. நூறு கப்பலுக்கு மேல். நாம் அப்படி மேசையில் கை தட்ட முடியாது.

இப்போது விலை. அமெரிக்க எல்.என்.ஜி. விற்பனையில் பரவலான சூத்திரம் ஒன்று உண்டு: அங்குள்ள ஹென்றி ஹப் விலையின் 115 வீதம், அதோடு திரவமாக்கும் கட்டணம். ஹென்றி ஹப் 3 டொலர், திரவமாக்கல் 2.50 என்று வைத்தால் 5.95. ஆசியாவுக்குக் கப்பல் கூலி 2 டொலர் போட்டால் 8. "பார்த்தீர்களா, எட்டு டொலர்தானே" என்று நிறுத்திவிடக் கூடாது. கடலில் நிற்கும் முனையக் கப்பலுக்கு வாடகை கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு நாளைக்கு 100,000 டொலர் என்று வைப்போம். அதை 35,000ஆல் பிரித்தால் ஒரு எம்.எம்.பி.டி.யு.வுக்கு 2.86 டொலர். பத்து மடங்கு எடுக்கும் பெரிய நாட்டுக்கு இதே வாடகை 29 சதம்தான். ஆக நமக்கு விழுவது 11 டொலரை நெருங்குகிறது.

ஒரு எம்.எம்.பி.டி.யு.வில், நல்ல மின்நிலையம் பாதி வெப்பத்தை மின்சாரமாக்கினால், ஏறத்தாழ 146 யுனிட் கிடைக்கும். டொலர் 300 ரூபா என்றால் ஒரு யுனிட்டுக்கு எரிபொருள் செலவு மட்டும் ஏறத்தாழ 22 ரூபா. நல்ல மழை வருடம் வந்து பாதி கேஸ்தான் எடுத்தோம் என்று வையுங்கள். வாடகை குறையாது. அப்போது ஒரு யுனிட் 28 ரூபா. எடுக்காத கேஸுக்கான காசு இதில் சேரவில்லை. மின்நிலையத்தின் கடன், பராமரிப்பு, மின்கம்பிச் செலவு எதுவும் சேரவில்லை. இதில் பில் பாதியாவது எங்கே?

இது டீசலை விட மலிவு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் நாங்கள் "எல்.என்.ஜி.யே வேண்டாம்" என்று சொல்லவில்லை. யுகதனவி 300 மெகாவொட், சோபாதனவி 350 மெகாவொட், இரண்டும் கேஸுக்கு ஏற்ற நிலையங்கள் என்று சொல்லிக் கட்டிவிட்டு எண்ணெயை எரிப்பது வயிற்றெரிச்சல்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு ஞாயிறு பகலில் நாடே இருண்டதே, பகலில் சோலார் நிறைந்து சுழலும் மின்நிலையங்கள் குறைவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். சோலாரை மட்டும் வைத்துக்கொண்டு மின்கட்டமைப்பை நடத்திவிடலாம் என்று நாங்களும் நினைக்கவில்லை. எங்கள் சண்டை கேஸோடு அல்ல, அவசரத்தோடு.

ஏன் அவசரம்? இதைத்தான் யோசிக்கச் சொல்கிறோம். உண்மையாகவே வெள்ளம் போல் கேஸ் வரப்போகிறது என்றால், காத்திருந்தால் லாபம் வாங்குபவனுக்குத்தான். அவசரம் யாருக்கு? பில்லியன் கணக்கில் கடன் வாங்கித் திரவமாக்கும் ஆலை கட்டியவருக்கு. விலை விழுவதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு ஆளைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டிய தேவை அவருக்கு. இறால் விலை நாளை விழும் என்று தெரிந்த பண்ணைக்காரர் இன்றே முழு அறுவடைக்கும் விலை பேசி முடிக்கப் பார்ப்பார். அவர் கெட்டவர் இல்லை, அவர் தொழில் அது. ஆனால் வாங்குகிறவர் ஏன் அவருக்காக அவசரப்பட வேண்டும்?

மலிவு நிலைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. விலை விழுந்தால் புதிய திட்டங்களில் யாரும் பணம் போடமாட்டார்கள், சில வருடத்தில் தட்டுப்பாடு வரும், விலை ஏறும். 2 டொலருக்கும் 70 டொலருக்கும் இடையில் இருந்தது இரண்டே வருடம். கட்டாரின் கப்பல்கள் எல்லாம் ஹோர்முஸ் நீரிணையால்தான் வெளியே வர வேண்டும். 2025 ஜூனில் பன்னிரண்டு நாள் யுத்தத்தின்போது உலகமே அந்த ஒடுங்கிய கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மன்னார் கடலில் எங்கட சொந்த கேஸ் இருக்குதே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011இல் மன்னார்ப் படுகையில் கேஸ் கண்டுபிடித்தது உண்மை. கண்டுபிடித்த கம்பனி 2015இல் விட்டுவிட்டுப் போனதும் உண்மை. ஆழ்கடலில் இருக்கும் கேஸ் எடுக்கும் செலவைக் கொடுத்தால்தான் கேஸ். அது ஒருநாள் வரலாம். அது வரும் நாளில் நாம் இருபது வருட இறக்குமதி ஒப்பந்தத்தில் மாட்டியிருந்தால், பாகிஸ்தானின் கிணறுகளுக்கு நடந்ததுதான் மன்னாருக்கும் நடக்கும்.

புத்தளம், கற்பிட்டிப் பக்கத்துச் சனத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. நுரைச்சோலை வந்தபோதும் "மலிவு மின்சாரம்" என்றுதான் சொன்னார்கள். 900 மெகாவொட் தேசத்துக்குப் போனது, சாம்பல் தூசு நமக்கு மிஞ்சியது. வாக்குறுதியை மேடையில் கேட்டோம், பத்திரத்தை யாரும் காட்டவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது "எப்போது கேஸ் வரும்?" என்பதல்ல. எந்த எல்.என்.ஜி. ஒப்பந்தமானாலும் கையெழுத்துக்கு முன்னால் இந்த ஐந்துக்கும் பதில் வேண்டும்:

1. விலைச் சூத்திரம் என்ன? எண்ணெய் விலையின் எத்தனை வீதம், அல்லது ஹென்றி ஹப்போடு எவ்வளவு?
2. எடுக்காவிட்டாலும் காசு கட்ட வேண்டிய அளவு எத்தனை வீதம்? மழை வருடத்தில் குறைக்க உரிமை இருக்கிறதா?
3. மிஞ்சும் கப்பலை வேறு நாட்டுக்கு விற்க நமக்கு உரிமை இருக்கிறதா?
4. எத்தனை வருடம்? சில வருடங்களுக்கு ஒருமுறை விலையை மறுபடி பேசும் வாசகம் இருக்கிறதா?
5. முனையத்தின் வாடகையை யார் சுமப்பது? கேஸ் வராத நாளிலும் அது நம் பில்லில் ஏறுமா?

2021 ஒப்பந்தத்தில் இந்தக் கேள்விகளுக்கு மக்கள் முன்னால் பதில் வரவில்லை. அமைச்சரவையில் இருந்தவர்களே உயர் நீதிமன்றத்தில் அதற்கு எதிராகச் சத்தியக்கடதாசி கொடுத்தார்கள். கடைசியில் கேஸும் வரவில்லை. 2024இல் கொச்சியிலிருந்து கொள்கலன்களில் எல்.என்.ஜி. கொண்டுவரும் யோசனையும் பேசப்பட்டது. அப்படியான சிறிய, குறுகிய கால ஏற்பாடுகளைக்கூட இதே ஐந்து கேள்விகளால் அளந்து பார்க்கட்டும். சின்னதாகத் தொடங்கி, தேவை தெரிந்த பிறகு கூட்டுவது வெட்கமில்லை.

நம் கையில் இருப்பதையும் செய்வோம். நம் பள்ளிவாசல்களின் கூரை, பாடசாலைகளின் கூரை, கடைத்தெருவின் கூரை எல்லாம் வெயிலில் சும்மா காய்கின்றன. சோலாரோடு மின்கலமும் சேர்த்தால் மாலை நேரச் சுமையில் ஒரு பங்கு குறையும். குறையும் ஒவ்வொரு பங்கும், நாளை பேரம் பேசும்போது "எங்களுக்கு இவ்வளவுதான் தேவை" என்று சொல்லத் தரும் தைரியம். ஜமாஅத் நிர்வாகங்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சில நூறு ரூபாக் கடனுக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்று வளர்ந்த சமூகம் நாம். இரண்டு கோடிக்கு மேற்பட்ட சனம் இருபது வருடம் கட்டப்போகும் கடனுக்குச் சாட்சியாக நிற்க நமக்கு உரிமையில்லையா? பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வரும் உறுப்பினரிடம் கேளுங்கள், பிரதேச சபையில் கேளுங்கள், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். அதுவரைக்கும் "கேஸ் வருது, பில் பாதி" என்ற செய்தி வந்தால், அடுத்த குழுவுக்குத் தள்ளுவதற்கு முன்னால் மேலே உள்ள ஐந்து கேள்வியையும் அதன் கீழே ஒட்டிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.